கண்ணாடித் தொட்டிக்கு எந்த மண்?

பள்ளிகளிலும், பயிற்சி நிலையங்களிலும், விரிவாக்க அலுவலகங்களிலும் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று வைத்திருப்பது இந்நாளில் வழக்கமாகி வருகிறது. தொட்டியின் அளவு, மீனின் வகை, விளக்கின் ஒளி, காற்றுக் குழாய் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் விசாரிக்கின்றனர். அடியில் எதைப் பரப்புவது என்று கேட்பவர் மிகச் சிலரே. கடைக்காரர் கொடுக்கும் வண்ணக் கற்களில் இரண்டு பை வாங்கிக் கொட்டுவதோடு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் தொட்டியில் மீனுடன் நீர்த்தாவரங்களையும் வளர்க்க வேண்டுமாயின், முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுவே. நல்ல விடை பெரும்பாலும் நம் வயலிலும் குளக்கரையிலுமே கிடைக்கும் என்பதும், எந்த வயல், எந்தக் குளம் என்று ஆராய்ந்த பின்னரே அம்மண்ணில் கை வைக்க வேண்டும் என்பதும், அந்த ஆராய்ச்சியை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துக்கள்.

சொல்லும் பொருளும்

இப்பொருளைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இதனை நன்கு அறிவர். ‘அடித்தளம்’ என்பர் சிலர். ‘அடிமூலக்கூறு’ என்று எழுதுவாரும் உளர். முன்னது கட்டடத்தை நினைவூட்டுகிறது. பின்னது ரசாயனப் பாடத்தில் வரும் மூலக்கூற்றை நினைவூட்டி மாணவனைத் திகைக்கச் செய்கிறது. ‘படுகை’ என்ற சொல்லோ நம்மிடம் முன்பே இருக்கிறது. ஆற்றுப்படுகை என்றால் வண்டல் படிந்து பயிர் விளையும் இடம் என்பதை உழவர் முதல் உபாத்தியாயர் வரை எல்லோரும் அறிவர். ஆதலால் இங்கு அச்சொல்லே ஆளப்படுகிறது. தளம் என்று எண்ணுபவர் கண்ணுக்கு அழகான கல்லைத் தேடுவார். படுகை என்று எண்ணுபவர் அங்கு என்ன விளையும் என்று கேட்பார். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் வேண்டுவது இதனாலேயே.

தொட்டியின் பிறப்பு

வீட்டுக்குள் வைக்கும் மீன்தொட்டி அலங்காரப் பொருளாகத் தோன்றியதன்று. லண்டனில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன அறிஞர் 1850இல் தம் சோதனை ஒன்றைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். சுமார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, அதன் அடியில் மணலும் சேறும் இட்டு, கற்களையும் வைத்தார். பொன்மீன்கள் இரண்டை அதில் விட்டு, வாலிஸ்நேரியாச் செடி ஒன்றின் வேரை அந்தச் சேற்றிலும் மணலிலும் ஊன்றினார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்றுக்கொண்டு பிராண வாயுவைத் திருப்பித் தருமா என்பதே அவருடைய கேள்வி. சில நாளில் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கவே, அவற்றைத் தின்பதற்கு நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது.

இச்சோதனையில் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சேறு. செடியும், மீனும், நத்தையும், மண்ணும் சேர்ந்தால்தான் தொட்டி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதை அச்சோதனை காட்டியது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்வைக்கு மீன் மனை திறக்கப்பட்டது. அது முதல் தொட்டி ஒரு காட்சிப் பொருளாயிற்று. காலப்போக்கில் சேறு அழுக்கு என்று ஒதுக்கப்பட்டு, கழுவிய கல் அவ்விடத்தைப் பிடித்தது. வாரிங்டனின் 12 காலன் என்பது ஏறத்தாழ 54 லிட்டர். அதாவது, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள இன்றைய பள்ளித் தொட்டியின் அளவே. எனவே அவருடைய சோதனையை எந்தப் பள்ளியும் திரும்பச் செய்து பார்க்கலாம்.

காளிகாட்டின் இரு மண்கள்

மண்ணைத் தேர்ந்தெடுக்கும் கலையைக் காண விரும்புவோர் கொல்கத்தாவில் காளிகாட் வரை சென்றால் போதும். காளி கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் பட்டுவாபாரா என்னும் குடியிருப்பு இருக்கிறது. முற்காலத்தில் பட ஓவியர்கள் வாழ்ந்த இத்தெருக்களில் இன்று மண்ணால் தெய்வ உருவங்கள் செய்யும் தொழிலாளர் வாழ்கின்றனர். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய சட்டத்தின் மீது முதலில் அவர்கள் பூசுவது, வங்காளத்தில் ‘எண்டெல் மாட்டி’ எனப்படும் ஒட்டும் களிமண். உமி கலந்து பிசைந்து அதனை அப்புவர். அதன்மேல் மெழுகுவது ‘பேலே மாட்டி’ எனப்படும் மணல் கலந்த மென்மையான ஆற்று மண். களிமண் ஒட்டும், ஆனால் காயும்போது வெடிக்கும். மணற்பாங்கான மண் வெடிக்காது, ஆனால் தனியே நில்லாது. இரண்டின் குணத்தையும் விரலால் தேய்த்தே அவர்கள் சொல்லிவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதை வங்காள உழவர் ‘தோஆஷ் மாட்டி’ என்பர். அதுவே நம் ஊரில் மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த இருமண்பாடு நிலம். செடி வளர்க்கும் தொட்டிக்குத் தேவையானதும் இதுவே.

நகரின் கிழக்கே சென்றால் இதே பாடத்தை வேறொரு வடிவில் காணலாம். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில், நகரத்துக் கழிவுநீரைக் கொண்டு மீன் வளர்க்கும் ‘பேரி’ என்னும் பெருங்குளங்கள் உள்ளன. மீன் விடுவதற்கு முன் அக்குளத்தார் நீரை வடித்துவிட்டுப் படுகையை வெயிலில் காயவைத்து, உழுது, சுண்ணாம்பு இட்டு, அதன் பின்னரே நீர் பாய்ச்சுகின்றனர். நீரைக் கவனிப்பதற்கு முன் படுகையைக் கவனிப்பது அவர்கள் வழக்கம். கண்ணாடித் தொட்டி வைப்போரும் இவ்வரிசையைப் பின்பற்றுவது நலம்.

நீருக்கு அடியில் நடப்பது என்ன?

தொட்டியின் படுகையில் நிகழ்வதை விளக்குவதற்கு நம் மாணவர்களுக்கு நன்செய் வயலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. தொளியடித்து நீர் தேக்கிய வயலில் சில நாட்களுக்குள் மண்ணிலுள்ள பிராண வாயுவை நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன. அதன்பின் அவை நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் ஆகியவற்றின் சேர்மங்களிலிருந்து பிராண வாயுவைப் பெற முற்படுகின்றன. இறுதியில் மீதேன் வாயு தோன்றுகிறது. இலங்கையைச் சேர்ந்தவரும், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவருமான பொன்னம்பெரும என்னும் மண்ணியல் அறிஞர், நீர் தேங்கிய மண்ணின் ரசாயனத்தைப் பற்றி 1972இல் விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். புளிப்பு மண்ணாயினும் கார மண்ணாயினும், நீரில் மூழ்கிச் சில வாரம் கழிந்தால் பெரும்பாலும் நடுநிலையை நெருங்கும் என்பது அதில் விளக்கப்படும் முக்கியமான உண்மைகளுள் ஒன்று.

இதனால் செடிக்கு வரும் நன்மைகள் சில. முதலாவது, கரையாத இரும்பு, பிராண வாயு இல்லாத மண்ணில் கரையும் நிலைக்கு மாறி வேருக்குக் கிடைக்கிறது. இரண்டாவது, களித்துகள்களும் மக்கிய பொருள்களும் தம் மீது அமோனியம், பொட்டாசியம், சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் அயனிகளைப் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கின்றன. கழுவிய கல்லுக்கு இந்த ஆற்றல் அறவே இல்லை. மூன்றாவது, மீனின் கழிவு இப்படுகையில் சேர்ந்து சிதைந்து மீண்டும் செடிக்கு உணவாகிறது. நீர்த்தாவரங்களின் வேர் நெல்லின் வேரைப் போலவே தன்னைச் சுற்றிச் சிறிது பிராண வாயுவைக் கசிய விடுகிறது. அதனால் படுகை முழுதும் நஞ்சாகிவிடாமல் காக்கப்படுகிறது.

கண்ணாடித் தொட்டியின் சிறப்பு, இவற்றைக் கண்ணால் காண முடிவதே. மண் இட்ட சில வாரங்களில் கண்ணாடியோரமாகப் பார்த்தால், மேற்புறத்தில் செந்நிறமாக ஒரு மெல்லிய படலமும், அதன் கீழே சாம்பல் நிறமும் தோன்றும். செந்நிறப் பகுதியில் பிராண வாயு உண்டு. சாம்பல் நிறப் பகுதியில் இல்லை. கண்ணாடியை ஒட்டி வேர் ஒன்று ஓடினால் அதைச் சுற்றித் துருவின் நிறத்தில் உறை படிவதையும் காணலாம். வயலில் பிடுங்கிய நாற்றின் வேரில் காண்பதும் இதுவே. வேதியியலும், தாவரவியலும், வேளாண்மையும் ஒருங்கே கூடும் இப்பாடத்தை வண்ணக் கற்கள் கொண்ட தொட்டி எக்காலத்திலும் கற்பிக்காது.

பொருள்களின் குணமும் குற்றமும்

வண்ணக் கற்களும் பெருங்கற்களும் வேருக்குப் பிடிப்பும் தரா, உணவும் தரா. இடுக்குகளில் எச்சமும் மீதமான தீனியும் தங்கி அழுகும். சில கடைகளில் விற்கும் வெள்ளைக் கல் பளிங்குச் சில்லாகும். அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். சிப்பித்துண்டுகளும் கடல் மணலும் அவ்வாறே. கடல் மணலில் உப்பும் சேர்ந்திருக்கும்.

ஆற்று மணல் நல்ல மூடுபொருள். அது தனியே உணவளிக்காது; ஆயினும் கீழுள்ள மண்ணைக் கலங்கவிடாமல் காக்கும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமன் போதும். மாவு போன்ற நுண்மணல் இறுகிவிடும். கட்டட வேலைக்காகக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலின் முனைகள் கூரானவை. அயிரை போன்று மணலில் புதைந்து மேயும் மீன்களுக்கு அது ஆகாது. நம் ஆறுகள் மணற்கொள்ளையால் படும் பாட்டை யாவரும் அறிவோம். ஆதலின் ஆற்றுக்குப் போய் அள்ளாமல், கட்டட வேலையில் எஞ்சிய ஆற்று மணலைச் சலித்துக் கழுவிக்கொள்வதே முறை. ஒரு தொட்டிக்குச் சில படி மணலே வேண்டும்.

களிமண்ணைத் தனியே இட்டால் நீர் பல நாள் கலங்கியே இருக்கும். படுகை இறுகி வேர் மூச்சுத் திணறும். வெளிநாட்டிலிருந்து வரும் கருநிறக் குருணை மண் இப்போது பெரும் நகரங்களில் கிடைக்கிறது. வடகொல்கத்தாவில் கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையைப் போன்ற இடங்களில் மீனும் செடியும் வாங்க வருவோர் இதைப் பற்றியே பேசுகின்றனர். இயற்கை மண்ணை உருண்டையாக்கிச் சுட்டெடுத்த இப்பொருள் தரம் குறைந்ததன்று. நீரை மென்மையாக்கிச் சற்றே புளிப்பாக்கும். வேருக்கு எளிதில் இடங்கொடுக்கும். அடிக்கடி செடியைப் பிடுங்கி மாற்றி நடுவோருக்கு வசதியானது. ஆனால் அதுவும் முதல் சில வாரங்களில் அமோனியாவை வெளிவிடும். சில ஆண்டுகளில் சத்துக் குறைந்து, குருணை கரைந்து சேறாகும். விலையோ பள்ளிக்கூடத்தின் சில்லறைச் செலவில் அடங்காது.

எஞ்சுவது வயல் மண்ணும் குளத்து வண்டலும். 1999இல் அமெரிக்கப் பெண்மணி டயானா வால்ஸ்டட் தாவரத் தொட்டியின் சூழலியலைப் பற்றி எழுதிய நூல், ஓரங்குல மண்ணும் அதன்மேல் ஓரங்குலச் சிறுகல்லும் இட்டுச் செய்யும் முறையை உலகெங்கும் பரப்பியது. வாரிங்டனின் சேறு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் மதிப்புப் பெற்றது.

எந்த மண்ணை எடுக்கலாகாது?

காளிகாட்டை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள மாணவன் ஒருவன் இவ்விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மாமா, கோயில் படித்துறையிலேயே வேண்டிய மட்டும் வண்டல் இருக்கிறதே, அதை அள்ளிவந்தால் என்ன?” என்று வினவினான். நியாயமான கேள்வி. காளிகாட் ஆதி கங்கையின் கரையில் அமைந்தது. கங்கையின் பழைய வழி என்று போற்றப்படும் அவ்வாய்க்காலை 1775 முதல் 1777 வரை மேஜர் வில்லியம் டாலி என்பவர் தூர்வாரி வெட்டச் செய்தார். டாலி நாலா என்ற பெயர் அதனால் வந்தது. பார்வைக்கு அதன் வண்டல் மென்மையும் கருமையும் உடையது. சத்து நிறைந்தது போலவே தோன்றும்.

ஆனால் அவ்வாய்க்கால் நீண்ட காலமாக நகரத்தின் சாக்கடை நீரைச் சுமந்து வருகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சீர்செய்யும்படி பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. கழிவின் நுண்ணுயிர்கள் மாணவர் கைக்கு ஆபத்து. ஈயம் முதலிய கன உலோகங்கள் மீனுக்கும் நத்தைக்கும் ஆபத்து. கன உலோகம் மண்ணிலிருந்து மறைவதில்லை. களித்துகளில் ஒட்டிக்கொண்டு பல்லாண்டு இருக்கும். செடிக்கு வேண்டிய அயனிகளைப் பிடித்து வைக்கும் அதே குணந்தான் நஞ்சையும் பிடித்து வைக்கிறது.

உருவங்களைக் கரைக்கும் துறைகளின் மண்ணுக்கும் இதுவே பொருந்தும். பட்டுவாபாராவில் பிசையப்படும் மண்ணுக்கும், வண்ணம் பூசி வழிபட்டு நீரில் கரைக்கப்பட்ட பின் அடியில் படியும் மண்ணுக்கும் வேற்றுமை உண்டு. வண்ணப்பூச்சுகளில் உள்ள உலோகங்கள் காரணமாகவே, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்டு 2020இல் திருத்திய நெறிமுறைகள் நஞ்சற்ற இயற்கை வண்ணங்களை வலியுறுத்துகின்றன. பிள்ளையார் சதுர்த்திக்குப் பின் நம் ஊர்க் குளங்களில் மண் எடுக்க நினைப்போரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய இடங்கள் உள்ளன. 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி இரு முக்கியமான தீர்ப்புகள் வழங்கியது. ஒன்று கொல்கத்தாவின் தோல் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே அகற்றச் செய்தது. மற்றொன்று வேலூர் வட்டாரத்தில் பாலாற்றுக் கரைத் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றியது. குரோமியம் கலந்த கழிவு பாய்ந்த நிலத்தின் மண்ணை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆசிரியர்கள் ஒருபோதும் தொட்டிக்கு எடுக்கலாகாது. சாயப்பட்டறை, பாட்டரி பழுது பார்க்கும் இடம், நெடுஞ்சாலையோரம், குப்பைமேடு ஆகியவற்றை அடுத்த மண்ணும் விலக்கத்தக்கது. அண்மையில் உரமோ பூச்சி மருந்தோ தெளித்த வயலும் வேண்டா.

கையளவு சோதனைகள்

கள அலுவலர்கள் இங்கு ஆசிரியர்களுக்குப் பெரிதும் உதவ முடியும். 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின்படி வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் தொட்டிக்கு முக்கியமானவை மூன்று. கார அமில நிலை 6க்கும் 7.5க்கும் இடையே இருப்பது நன்று. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 1க்குக் கீழ் இருக்க வேண்டும். களர் நிலமும் உவர் நிலமும் இதனால் விலகும். அங்ககக் கரிமம் நடுத்தரமாக, அரை முதல் முக்கால் சதவீதம் வரை இருந்தால் போதும். வயலுக்கு மிகுதி நன்மை. மூடிய தொட்டிக்கு மிகுதி அழுகலாகும். ஆயினும் ஈயம், குரோமியம் முதலிய நஞ்சுகளைப் பற்றி இந்த அட்டை எதுவும் சொல்லாது என்பதை மறக்கலாகாது. அதற்கு நிலத்தின் வரலாற்றை ஊராரிடம் கேட்டறிவதே வழி.

பள்ளியிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. உலர்ந்த மண்ணில் சிறிது வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டால், நுரைத்துப் பொங்கும் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி என்று அறியலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு நீர் நிரப்பிக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்திலும், வண்டல் சில மணி நேரத்திலும் படியும். களி மறுநாளும் மிதக்கக்கூடும். படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்து விகிதம் காணலாம். மூன்றாவது, சிறு புட்டியில் அம்மண்ணும் நீரும் ஒரு செடியும் நத்தைகள் இரண்டும் இட்டு ஒரு மாதம் பார்ப்பது. செடி துளிர்த்து நத்தையும் பிழைத்திருந்தால், அம்மண்ணைத் தொட்டிக்குப் பயன்படுத்தத் துணியலாம்.

மண் இடும் முறை

மண்ணை உலர்த்திச் சலித்து, இலையும் வேரும் கல்லும் நீக்க வேண்டும். பசுஞ்சாணம், யூரியா, மண்புழு உரம் எதுவும் சேர்க்கலாகாது. இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு மண் பரப்ப ஐந்தரை லிட்டரும், இரண்டரை சென்டிமீட்டர் மணல் மூட நாலரை லிட்டரும் போதும். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் படுகை வேண்டா. மணலின் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மீது மெல்ல நீர் ஊற்றினால் கலங்காது.

முதல் நாளிலேயே நெருக்கமாகச் செடி நட வேண்டும். வாலிஸ்நேரியா, குளங்களில் கிடைக்கும் கொட்டிக்கிழங்கு, கிரிப்டோகோரைன் வகைகள் ஆகியவை வேரால் உண்பவை. இப்படுகையால் பெரும்பயன் பெறுபவை இவையே. கங்கைக் கழிமுகத்தின் ஓதம் ஏறும் சேற்றிலேயே கிரிப்டோகோரைன் சிலியேட்டா இயற்கையாக வளர்கிறது என்பதை எண்ணினால், கல்லில் நட்ட அவ்வினச் செடி ஏன் மெலிகிறது என்பது விளங்கும். செரட்டோபில்லத்துக்கு வேரே கிடையாது. அது மட்டும் போதும் என்பார்க்குப் படுகையே வேண்டியதில்லை. எனவே எச்செடி என்பதை முடிவு செய்த பின்னரே எந்த மண் என்று கேட்க வேண்டும்.

மீனை உடனே விடலாகாது. புதிதாக மூழ்கிய மண் அமோனியாவை வெளியிடும். கார நீரில் அது மீனைக் கொல்லும். வாரம் இருமுறை பாதி நீரை மாற்றி, மூன்று நான்கு வாரம் பொறுத்தபின் சில மீன்களை விடலாம். படுகையில் குமிழிகள் எழுவது இயல்பு. அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் மட்டும் மூங்கிற்குச்சியால் ஆங்காங்கே மெல்லக் குத்தி விட வேண்டும். தொட்டியைக் கலைக்கும் காலத்தில் பழைய மண்ணைப் பள்ளித் தோட்டத்தில் காயவைத்துச் சேர்க்கலாம். செடியையும் நத்தையையும் மீனையும் குளத்தில் எறியலாகாது. ஆகாயத்தாமரைக் குடும்பம் வேறு, வெங்காயத்தாமரை வேறு. பின்னது பரவியதால் 1936இல் வங்காளத்தில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. தொட்டிகளிலிருந்து தப்பிய தென்னமெரிக்கக் கவசக் கெளிறு இன்று கிழக்குக் கொல்கத்தாக் குளங்களில் மீன்காரர்களுக்குத் தொல்லையாய் இருக்கிறது.

மறுப்புக்கு விடை

மண் இட்டால் நீர் கலங்கும், கடைப்பொருள் நிச்சயமானது, ஆசிரியர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சொல்வோர் உளர். மணல் மூடிய படுகை கலங்குவதில்லை. செடியை ஓயாமல் பிடுங்குவோர்க்கே கலங்கும். கடைப்பொருளின் நிச்சயத்தை மறுப்பதற்கில்லை. நீர் மிகக் கடினமாயுள்ள ஊரில் மென்னீர்ச் செடிகளையும் இறாலையும் வளர்க்க விரும்பும் தனியார் அதை வாங்குவது தக்கதே. நேரத்தைப் பற்றிய மறுப்பே வலுவானது. ஆனால் செடி அழுகி, நீர் பச்சையாகி, மீன் செத்து, தொட்டியைக் கழுவி மீண்டும் நிரப்புவதில் செலவாகும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். இறந்ததை எடுத்தெறிந்து புதியது வாங்கி விடுவதே வழக்கமான தொட்டியிலிருந்து மாணவன் கற்கும் பாடம் என்ன? உயிர் என்பது விலைக்குக் கிடைக்கும் மாற்றுப் பொருள் என்பதே அல்லவா?

என் பார்வைக்கு வந்த கொள்முதல் பட்டியல்கள் சிலவற்றில் தொட்டி, மூடி, விளக்கு, காற்றுக் குழாய், அலங்காரக் கல் என்று வரிசையாக எழுதியிருக்கக் கண்டேன். மண் என்ற சொல் எதிலும் இல்லை. விலையில்லாப் பொருளுக்குப் பட்டியலில் இடம் இல்லாதது இயல்பே. எனினும் அலங்காரக் கல் என்ற வரியை நீக்கி, ‘உள்ளூர் மண், சோதித்தது, சலித்த மணல்’ என்று எழுதினால் செலவும் குறையும், பாடமும் பெருகும். சோதித்தது என்ற சொல் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வாய் அகன்ற மூன்று புட்டிகளை எடுத்து, ஒன்றில் வண்ணக் கல், ஒன்றில் வெறும் மணல், ஒன்றில் மண்ணும் மேலே மணலும் இட்டு, ஒரே அளவுள்ள வாலிஸ்நேரியாச் செடியை மூன்றிலும் நட்டு, ஒரே ஜன்னலில் இரண்டு மாதம் வைத்து, வாரந்தோறும் இலையை எண்ணிக் குறித்து வரச் செய்யலாம். மண் எடுத்த இடம், அந்நிலத்தின் முன்வரலாறு, சோதனையின் முடிவு ஆகியவற்றைப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் மாணவர் எழுத வேண்டும். அருகிலுள்ள வேளாண்மை அலுவலரோ மீன்வளத் துறையினரோ ஒருமுறை வந்து அச்சீட்டுகளைப் படித்துப் பார்த்துப் பேசினால், தம் ஊர் மண்ணில் எது நல்லது, எது கெட்டது, கெட்டதைக் கெடுத்தது எது என்ற கேள்விகள் மாணவரிடமிருந்தே எழும். அக்கேள்விகளை எழுப்புவதற்காகவே பள்ளிக்கூடத்தில் தொட்டி வைக்கிறோம். வரும் பருவத் தொடக்கத்திலேயே இதனை ஆரம்பிக்கலாம்.